குழிக்கு ஒரு முழம் முன்னால்

சித்தூரில் கோல்ஃப் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன் நான் என்று சொன்னால், இன்றைக்கும் கேட்கிறவர்கள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். மாம்பழ மண்டி ஊரில் கோல்ஃபா என்பார்கள். சிரிக்கட்டும். வெள்ளைக்காரன் போகும்போது ரயிலை விட்டுப் போனான், கோர்ட்டை விட்டுப் போனான், எங்கள் கிளப்புக்குப் பின்னால் ஆறு குழிகளையும் விட்டுப் போனான். அந்த ஆறு குழிகளுக்கு நான் மார்க்கர். ஆபீசர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, கூடவே நடந்து, பந்தை எத்தனை அடியில் குழிக்குள் போட்டார்கள் என்று பார்த்துச் சொல்கிற வேலை. அடி குறையக் குறைய ஆட்டக்காரன் பெரியவன்.

பெங்களூரில் என் தாய்மாமன் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவரோடு சில வருஷம் இருந்ததில் ஆட்டம் கையில் ஒட்டிக்கொண்டது; கூட வேலை பார்த்த பையன்களிடம் தெலுங்கு எழுதவும் கற்றுக்கொண்டேன். சித்தூர் கிளப்பில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. பெங்களூர்ப் பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே புல் என்று சொல்ல ஒன்றுமே தெரியவில்லை. வறண்ட ஏரியை ஒட்டிய மேட்டு நிலம், நடுவில் ஒரு ஆட்டு மந்தை, ஓரத்தில் மாந்தோப்பு. குழியைச் சுற்றிப் பசும்புல் இருக்க வேண்டிய இடத்தில் மணலைக் கொட்டி, பஸ் ஷெட்டில் கழித்துக் கட்டிய எஞ்சின் ஆயிலை ஊற்றிக் குழைத்து, பலகையால் இழுத்து வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள். அதற்குப் பேர் 'பிரவுன்'. சாயங்கால வெயிலில் அந்த ஆயில் வாசனை கிளம்பும். இப்போதும் ஏதாவது மெக்கானிக் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. நான் மனிதனாய் மதிக்கப்பட்ட இடம் அது. அதனால் அந்த நாற்றம்கூட எனக்கு வாசனைதான்.

குழிக்குள் ஒரு பழைய தகர டின்னைப் புதைத்திருப்போம். பந்து விழுந்தால் 'டொக்' என்று கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் எங்கள் கிளப்பில் அபூர்வமாகத்தான் கேட்கும். காரணம் இருந்தது. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், இனி இது விழாமலா போகும் என்று எதிராளி பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சொல்ல வேண்டியவர் எதிராளி மட்டும்தான். எங்கள் கிளப்பிலோ அதை மார்க்கர் சொல்வான். கலெக்டர் ஆபீசில் இருந்து வருகிறவர் ஒரு சாண் தூரத்துப் பந்துக்கு முதுகை வளைத்துக்கொண்டு நிற்பதா என்று, எனக்கு முன்னால் இருந்த மார்க்கர்கள் பழக்கி வைத்த மரியாதை. "கொடுத்தாச்சு சார்" என்று சொல்லி, குனிந்து பந்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, கையில் கொடுப்போம். அவர்களும் அதை வாங்கிக்கொண்டு அடுத்த குழிக்கு நடப்பார்கள். ஒருத்தரும் வேண்டாம் என்றதில்லை.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் மதராஸ் பக்கம், எந்த ஊர் ஆந்திரா பக்கம் என்கிற வழக்கு மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. டீக்கடையில் பாதிப் பேச்சு அதுதான். அதையும் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள். அந்தச் சமயத்தில் எல்லைக் கிராமங்களின் வரைபடங்களைச் சரிபார்க்க ஒரு சர்வே ஆபீசர் வந்தார். கிருஷ்ணா நதிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, சோடாபுட்டிக் கண்ணாடி. தமிழ் புரியும், பேசினால் பாதியில் தெலுங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பகல் முழுக்கக் குடிபாலாவிலிருந்து சத்தியவேடு வரைக்கும் ஜீப்பில் சுற்றுவார். எந்தக் கிராமத்திலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார் என்று பேர். ஜீப்பின் பின்னால் அவருடைய மோர் கூஜா குலுங்கிக்கொண்டே போகும். இன்றைக்கு இந்த ஊரில் மோர் குடித்தால் நாளைக்கு அந்த ஊர்க்காரன் கேள்வி கேட்பான் என்பது அவர் கட்சி.

அவருக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தாராம். சும்மா நடக்கப் பிடிக்காமல் என்னிடம் வந்து சேர்ந்தார். முதல் நாள் பந்தை அடிக்கப் போய் மண்ணை அடித்தார். இரண்டாவது தடவை காற்றை அடித்தார். மூன்றாவது அடிக்கு ஆட்டு மந்தையே விலகி நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நவ்வு, நவ்வு. சிரிச்சிட்டு அப்புறம் எங்க தப்புன்னு செப்பு," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. தப்பைச் சொல்லச் சொன்ன ஆபீசரை அதுவரை நான் பார்த்ததில்லை. பிடியைத் தளர்த்தச் சொன்னேன், தளர்த்தினார். அடிப்பதற்கு முன் தூரத்தை மனசுக்குள் கணக்குப் போடுகிற பழக்கத்தை விடச் சொன்னேன். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது, பாவம், முப்பது வருஷம் நிலத்தை அளந்தவர். இரண்டு மாதத்தில் பந்து நேராகப் போக ஆரம்பித்தது.

சனிக்கிழமைகளில் அவருக்குத் திருப்பதியில் கேம்ப். என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வார். வேலை முடிந்ததும் திருச்சானூர்ப் பக்கம் சுவர்ணமுகி ஆற்று மணலில் இறங்கிவிடுவோம். மணலில் புதைந்த பந்தை எழுப்பி அடிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தாயாரைச் சேவித்துவிட்டு வருகிற ஜனங்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். ஒரு தடவை மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு அம்மாள் மெதுவாக என்னிடம் வந்தாள்.

"அய்யிரு மாதிரி இருக்கறாரு, பாவம், இந்த வெயில்ல மணலப் போட்டு அடிச்சிக்கினே கீறாரே, இன்னா வேண்டுதலு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதை நான் போய்ச் சொன்னதும் ஆபீசர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு சிரிப்பு. என் வாழ்க்கையில் நான் நிறையப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சந்தோஷம் என்று நினைத்தால் அந்த ஆற்று மணல்தான் வருகிறது. இப்போது அந்தப் பக்கம் போனால் கரை வரை லாட்ஜுகள்.

இந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். என் நைனா அங்கே தமிழ் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் ஊரும் அந்த இழுபறிப் பட்டியலில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போயிருந்தபோது, நைனா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஆரம்பித்தார்.

"மேப்பு ஆபீசரு ஒன்னாண்டதான் வெளாடறாராமே. நம்ம ஊரு அந்தாண்ட போவுதா இந்தாண்ட நிக்குதான்னு ஒரு வார்த்த கேளேன்டா."

"அதெல்லாம் கேக்கக் கூடாது நைனா."

"கேட்டா இன்னா, தலையவா எடுத்துடுவாரு? முடிஞ்சா நம்ம ஊருக்கு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு."

அம்மா அடுப்பங்கரைக்குப் போன பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊரு இங்கியே நின்னா இஸ்கூலு தெலுங்காயிடும்னு சொல்றாங்க. எனக்குப் பேச வரும், திட்ட வரும், சந்தையில பேரம் பேச வரும். எழுத வராதுடா. போர்டாண்ட போயி இன்னா எழுதுவேன்? பசங்க சிரிக்கும்."

என் நைனா எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. எழுந்து கை கழுவப் போனேன்.

திங்கட்கிழமை ஆபீசரிடம் கேட்கத்தான் நினைத்தேன். தைரியம் வரவில்லை. நல்ல மூடில் இருக்கும்போது கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் நல்ல மூடில் இருக்க வேண்டுமானால் நன்றாக ஆட வேண்டும். நன்றாக ஆட வைக்கச் சுலபமான வழி ஒன்று என் நாக்கிலேயே இருந்தது. அதுவரை ஒரு சாண் தூரத்துப் பந்தைத்தான் "கொடுத்தாச்சு சார்" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாண் ஒரு முழமாயிற்று. முழம் ஒன்றரை முழமாயிற்று. சில நாள் வெளிச்சம் மங்கினால் இரண்டு முழம்கூடப் போனது. அவருடைய அடி எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறைந்தது. அதைப் பாக்கெட் நோட்டில் பென்சிலால் எழுதி, குழந்தை மாதிரி எனக்குக் காட்டுவார். ஊர் ஊராகச் சங்கிலி போட்டு அளந்த மனுஷன், நான் எடுத்துக் கொடுத்த அந்தத் தூரத்தை மட்டும் ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை. சொல்லிக் கொடுக்கிறவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

அப்போதுதான் மதராஸ் பக்கத்து ஆபீசர்கள் இரண்டு பேர் சேர்ந்து பார்வையிட வந்தார்கள். அதில் ஒருவர் கோல்ஃப் ஆடுகிறவர், ஒல்லியாக, அதிகம் பேசாதவர். வேலை முடிந்த சாயங்காலம் சிநேகமாக ஒரு ஆட்டம் என்று ஏற்பாடாயிற்று. ஆறு குழியில் யார் அதிகக் குழிகளை ஜெயிக்கிறாரோ அவர் ஜெயித்தவர். கிளப்பே திரண்டு வந்தது. ஊரெல்லாம் எல்லைப் பேச்சாக இருந்த நேரம், இந்த ஆட்டத்தையும் அப்படித்தான் பார்த்தார்கள். எனக்கு ஒரே எண்ணம்தான். சார் இன்றைக்கு ஜெயிப்பார், ஜெயித்த முகத்தோடு இருக்கும்போது நைனா விஷயத்தைக் கேட்டுவிடுவது.

ஐந்து குழி முடிந்தபோது ஆளுக்கு இரண்டு, ஒன்று சமம். அதுவரை பக்கத்தில் நின்ற பந்துகளை மதராஸ்காரரே பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்திருந்தார். ஆறாவது குழியில் மதராஸ்காரர் ஐந்து அடியில் போட்டு முடித்துவிட்டார். எங்கள் ஆபீசர் அன்றைக்கு அடித்த அடி இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. மூன்றாவது அடியில் பந்து மாந்தோப்பு ஓரமாகப் பறந்து, பிரவுனில் இறங்கி, குழிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. இனி ஒரு தட்டு. நாலு அடியில் முடியும், ஜெயம். கூட்டம் கை தட்டியது.

அவர் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்று என்னைப் பார்த்தார். பழக்கம். நான் மதராஸ்காரரைப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "தட்டிடுங்க சார், பார்ப்போம்."

ஆபீசர் குனிந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் நைனா என்னைக் கேட்ட நாளிலிருந்து ஒரு முழத் தூரத்துப் பந்தை ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. தட்ட நான் விட்டதில்லை. ஸ்டிக்கைப் பந்துக்குப் பின்னால் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தட்டினார். பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. மறுபடி தட்டினார், இந்தப் பக்கம் போனது. மூன்றாவது தடவை விழுந்தது. ஆறு அடி. டின்னில் 'டொக்' என்று கேட்ட சத்தம் என்னைத் தலையில் குட்டியது மாதிரி இருந்தது.

அவர் சிரித்த முகத்தோடு கை குலுக்கினார், எல்லாரோடும் டீ குடித்தார். ஜனம் கலைந்த பிறகு என்னை மறுபடி ஆறாவது குழிக்குக் கூட்டிப் போனார். பந்தை அதே ஒரு முழத்தில் வைத்தார். பத்துத் தடவை தட்டினார். மூன்று விழுந்தது.

"எத்தன நாளா இப்படி எடுத்துக் குடுக்குற?" என்றார்.

"எல்லாருக்கும் குடுக்கற வழக்கம்தான் சார்."

"நிஜம் செப்பு."

சொன்னேன். நைனா, பள்ளிக்கூடம், தெலுங்கு எழுத்து, நான் கேட்கக் காத்திருந்த மூடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க ஊரு பேப்பரு, நான் ஸ்டிக்கு பிடிக்கறதுக்கு முந்தியே என் டேபிள விட்டுப் போயிடிச்சு. முடிவு பண்றதும் நான் இல்ல. மொதல் நாளே கேட்டிருந்தா அதத்தான் செப்பியிருப்பேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னது என்னை அறுத்தது. "ஊரு ஊரா போறேன், ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடிக்கல. நீ தினம் சாயங்காலம் எனக்கு ஊட்டிட்டே இருந்திருக்க. நானும் துன்னுட்டே இருந்திருக்கேன்."

ஜீப் போய்விட்டது. பத்து நாள் அவர் வரவில்லை. அந்தப் பத்து நாளும் நான் பிரவுனை இழுத்து இழுத்துச் சமப்படுத்தினேன். வேலையை விட்டுப் பெங்களூருக்கே ஓடிவிடலாமா என்றும் யோசித்தேன். என்னை நல்ல ஆட்டக்காரனாக்கு என்று ஒருவர் தன்னை என் கையில் கொடுத்தார், நான் அவரைப் பொய் சொல்லிக் கெடுத்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

பதினோராம் நாள் ஜீப் சத்தம் கேட்டது. இறங்கி நேராக வந்தார். "தீக்குச்சி நீளம் இருந்தாலும் நானே தட்டுவேன். நீ வாயத் தெறக்கக் கூடாது. தப்புன்னா மட்டும் செப்பு."

அதற்கப்புறம் இரண்டு மாதம் வேறு ஆட்டமே இல்லை. ஒரு சாண், ஒரு முழம், இரண்டு முழம், அவ்வளவுதான். தட்டியதும் பந்து போகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார், அதில்தான் கை கோணும். "பாக்காதீங்க சார், காதால கேளுங்க. டின்னு சத்தம் வந்தப்புறம் தலையத் தூக்குங்க" என்றேன். என் மூளையில் உதித்த ஒரே நல்ல யோசனை அது. அதன் பிறகு நான் சொல்லிக் கொடுத்த எல்லாருக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன். ஏரிக்கரையில் அந்தச் சாயங்காலங்களில் பேச்சே இருக்காது. குனிந்த முதுகு, மணல்மேல் பந்து உருளும் சின்னச் சத்தம், அப்புறம் 'டொக்'. மறுபடி 'டொக்'. பத்துக்குப் பத்து விழுந்த அன்றைக்கு அவர் பாக்கெட் நோட்டை எடுக்கவே இல்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லைத் தீர்ப்பு வந்த அன்று, பட்டியல் பேப்பரில் வந்து சேருமுன் எனக்குச் சொன்னவர் அவர்தான். காலையில் ஆபீஸ் வாசலில் ஒட்டிய பிறகுதான் சொன்னார், அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் இல்லை. ஜீப்பை மைதானத்துக்கே விட்டுக்கொண்டு வந்தார். திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது என்று ஜனம் பேசத் தொடங்கியிருந்தது. நான் பலகையை இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"மீ ஊரு இக்கடே. இந்தப் பக்கம்தான்." அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பிறகு சொன்னார், "நீயே போயி உங்க நைனாவுக்குச் செப்பு. வேற எவனும் செப்பறதுக்கு முந்தி."

பஸ் ஏறினேன். நகரி வரைக்கும், எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லலாம். மேலே எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. நைனா தனியாக வகுப்பில் பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"நைனா, நம்ம ஊரு இங்கதான். மாறல," என்றேன்.

அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் மார்புக்கு வந்தது. "சரி," என்றார். பெஞ்சிலிருந்த சாக்பீஸ் தூசியைக் கையால் தட்டிவிட்டு மறுபடியும், "சரி."

தமிழ் வகுப்பு உடனே போய்விடவில்லை. பக்கத்தில் ஒரு தெலுங்கு வகுப்பு சேர்ந்தது, இரண்டையும் அவரே பார்க்க வேண்டும் என்றார்கள். அதெல்லாம் பிறகு வந்தது. அன்றைக்கு அவர் எழுந்து, ஒரு சாக்பீஸை எடுத்து, கரும்பலகையின் முன்னால் போய் நின்றார்.

"நீ பெங்களூருல தெலுங்கு எழுதக் கத்துக்கினியே," என்றார், என் பக்கம் திரும்பாமல். "மொத எழுத்து எப்படிடா போடறது?"

காற்றில் போட்டுக் காட்டினேன். அவர் பலகையில் எழுதினார். முப்பது வருஷம் கரும்பலகையில் தமிழ் எழுதிய கை அது. சுழி வர வேண்டிய இடத்தில் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய சரி மாதிரித்தான் இருந்தது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அதே பார்வை. ஆறாவது குழிப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாரே ஒருத்தர், அதே பார்வை.

போதும் நைனா, சரியாகத்தான் இருக்கிறது என்று வாய் வரை வந்துவிட்டது.

"தப்பு நைனா," என்றேன். "அழிச்சிட்டுத் திரும்ப எழுது."

அவர் என்னை ஒரு கணம் முறைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தார்.